பாம்புக் கூண்டின் ஈரப்பதம்: எண்ணோடு அளக்கும் முறையையும் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செல்லப் பிராணிகள் பற்றி நாளிதழ்களில் வெளிவரும் குறிப்புகளில் பாம்பு வளர்ப்பும் இப்போது அவ்வப்போது இடம்பெறுகிறது. சட்டம் அனுமதிக்கும் இடத்தில், முறையான வழியில் பெற்ற பாம்பை வளர்ப்பவர்களுக்கு அக்குறிப்புகள் பயன்படவே செய்கின்றன. எனினும் அவற்றில் ஒரு குறை விடாமல் தொடர்கிறது. பால் பைத்தான் எனப்படும் பந்து மலைப்பாம்புக்கு 60 விழுக்காடு ஈரப்பதம் வேண்டும், கார்ன் ஸ்நேக்குக்கு 50 போதும் என்று ஓர் எண்ணைச் சொல்லிவிட்டு, எழுதுபவர்கள் உணவுக்கும் கூண்டின் நீள அகலத்துக்கும் போய்விடுகிறார்கள். அந்த எண்ணைக் கூண்டின் எந்த மூலையில், எந்த வெப்பநிலையில், எத்தகைய கருவியால் அளக்க வேண்டும் என்பதற்கு ஒரு வரியும் ஒதுக்கப்படுவதில்லை. இவற்றைச் சொல்லாமல் விட்டால் 60 என்ற எண்ணால் வளர்ப்பவருக்குப் பயன் ஏதுமில்லை. சில வேளைகளில் அது பாம்புக்குத் தீங்காகவும் முடியும் என்பதை வலியுறுத்தவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

ஈரப்பதமானியில் நாம் படிக்கும் விழுக்காடு, காற்றில் எவ்வளவு நீராவி இருக்கிறது என்பதை நேரடியாகச் சொல்வதில்லை. அந்த வெப்பநிலையில் இருக்கக்கூடிய உச்ச அளவு நீராவியில் எத்தனை பங்கு இப்போது இருக்கிறது என்ற விகிதத்தையே அது சொல்கிறது. 25 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 23 கிராம் நீராவி இருக்க முடியும். 32 டிகிரியில் அது ஏறத்தாழ 34 கிராமாக உயர்கிறது. இந்த வேறுபாடு ஒரு வரவேற்பறையில் பெரிதாகத் தெரியாது. பாம்புக் கூண்டில் நிலைமை வேறு. பாம்பு இடம் மாறி இடம் மாறித்தான் தன் உடல் வெப்பத்தைச் சரிசெய்துகொள்கிறது என்பதால், நாமே வேண்டுமென்று ஒரு பக்கத்தைச் சூடாகவும் மறுபக்கத்தைச் சற்றுக் குளிர்ச்சியாகவும் வைத்திருக்கிறோம். 25 டிகிரி உள்ள பக்கத்தில் 60 விழுக்காடு காட்டும் காற்று, ஒரு துளி நீரையும் இழக்காமல் 32 டிகிரி உள்ள பக்கத்துக்கு நகர்ந்தால் அங்கே 40 விழுக்காடுதான் காட்டும். இரண்டு அளவீடுகளும் சரியானவையே. இப்போது குறிப்பில் உள்ள 60 எந்தப் பக்கத்துக்கு உரியது? சூடான பக்கத்துக்கு என்று எடுத்துக்கொண்டு ஒருவர் தண்ணீர் தெளிக்கத் தொடங்கினால், அங்கே 60 வரும்போது குளிர்ந்த பக்கத்தில் 90ஐத் தொட்டிருக்கும். கண்ணாடியில் நீர் முத்து முத்தாகப் படிந்திருக்கும்.

அறைக்குள் மாட்டிய மானியைப் பார்த்துக் கூண்டைப் பற்றி முடிவெடுப்பவர்களும் உண்டு. 22 டிகிரியில் 50 விழுக்காடு ஈரப்பதம் உள்ள அறைக்காற்று, மேலே வலை மூடியும் அதன்மேல் வெப்ப விளக்கும் உள்ள கண்ணாடித் தொட்டிக்குள் புகுந்து 32 டிகிரிக்குச் சூடேறினால், தொட்டிக்குள் வேறு நீர் ஏதும் சேராத நிலையில் அதன் ஈரப்பதம் 28 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். சூடான காற்று வலை வழியே மேலேறி வெளியேற, அதன் இடத்தை அறைக்காற்று தொடர்ந்து நிரப்பிக்கொண்டே இருக்கும். அறையில் இருப்பவருக்கு இதமாக இருக்கும் அதே நேரத்தில் பாம்பு வறண்ட வெளியில் கிடப்பது இப்படித்தான்.

அடுத்தது கருவி. கூண்டோடு சேர்த்துத் தரப்படும் வட்ட முள் மானிகளைப் பற்றி நான் நல்ல விதமாகச் சொல்ல எதுவும் இல்லை. அவற்றுள் பெரும்பாலானவற்றில், ஈரத்தை உறிஞ்சும் படலம் பூசிய ஒரு மெல்லிய சுருள் இருக்கிறது. ஈரம் ஏற ஏற அந்தச் சுருள் விரிந்தோ சுருங்கியோ முள்ளைத் திருப்புகிறது. புதிதாக இருக்கும்போதே 10 முதல் 20 புள்ளிகள் வரை தவறிக் காட்டுவது இவற்றில் வழக்கமாகக் காணப்படுவதுதான். நாளடைவில் படலம் தளர்ந்துபோக, முள் ஏதோ ஓரிடத்தில் நிலைத்துவிடுகிறது. விரல் நகத்தால் மெல்லத் தட்டிப் பாருங்கள். முள் சட்டென்று ஐந்தாறு புள்ளிகள் துள்ளி வேறோரிடத்தில் நின்றால், அதற்கு முந்தைய அளவீட்டை எப்படி நம்புவது? முள் மானி என்ற வகையையே நான் பழிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1783இல் ஜெனீவாவைச் சேர்ந்த அறிவியலாளர் ஒராஸ் பெனெடிக்ட் டி சோசூர் தம் நூலில் விவரித்த முடி ஈரப்பதமானி, மனிதத் தலைமுடி உலர்ந்த நிலையிலிருந்து முழு ஈர நிலைக்குப் போகும்போது ஏறத்தாழ 2 முதல் 2.5 விழுக்காடு நீள்வதை அடிப்படையாகக் கொண்டது. ஒழுங்காகப் பேணினால் அது இன்றைக்கும் பயன்தரும் கருவியே. பாம்புக் கூண்டுக்கென்று விற்கப்படும் மலிவான முள் மானிகளுக்கு அந்தத் தகுதி கிடையாது.

டிஜிட்டல் மானிகள் இவற்றைவிட எவ்வளவோ மேல். நீராவியை உள்வாங்கும் மெல்லிய பாலிமர் படலம் ஒன்று இரு மின்முனைகளுக்கு நடுவே இருக்க, அதன் மின்தேக்குத் திறன் மாறுவதைக் கொண்டு அவை ஈரப்பதத்தைக் கணிக்கின்றன. நல்ல சென்சார் இரண்டு மூன்று புள்ளிகளுக்குள் சரியாகக் காட்டும். மலிவானது ஐந்து புள்ளிகள் வரை விலகலாம் என்று தயாரிப்பாளரே அறிவித்திருப்பார். ஆனால் அதன் திரையில் 57.3 என்று தசமப் புள்ளியோடு எண் ஒளிரும்போது, அந்த .3ஐப் பார்த்தே பலர் கருவியை முழுமையாக நம்பிவிடுகிறார்கள். உண்மை ஈரப்பதம் 60ஆக இருக்கையில் ஒரு மானி 55 என்றும் பக்கத்திலேயே உள்ள மற்றொன்று 65 என்றும் காட்டினால், இரண்டுமே தாம் வாக்களித்த துல்லியத்தை மீறவில்லை. மேலும், பெரும்பாலான சென்சார்களுக்கு 20 முதல் 80 விழுக்காடு வரையிலான பகுதியில்தான் அந்தத் துல்லியம் உறுதி செய்யப்படுகிறது; அதற்கு மேலே போகப் போகப் பிழை கூடும். வானவில் போவா போல 80க்கு மேல் ஈரப்பதம் கேட்கும் பாம்பை வளர்ப்பவர், தம் மானி மிகவும் தடுமாறும் இடத்தில்தான் அதை அன்றாடம் நம்பியிருக்கிறார். நீண்ட காலம் மிகுந்த ஈரத்திலேயே கிடக்கும் சென்சார் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டத் தொடங்குவதும் உண்டு. சில நாட்கள் வறண்ட அறையில் வைத்துவிட்டு மீண்டும் சோதித்தால் அது தெரிந்துவிடும். கூண்டைக் கிருமிநாசினியால் துடைக்கும்போது சென்சாரை வெளியே எடுத்துவிடுவதும் நல்லது, ஏனெனில் ஆல்கஹால், பசை, பெயின்ட் போன்றவற்றின் ஆவி அந்தப் படலத்தைக் கெடுக்கும்.

ஒயரின் முனையில் ப்ரோப் எனப்படும் அளவிடும் முனை உள்ள மானி வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சில மலிவான வகைகளில் அந்த ப்ரோப் வெப்பநிலையை மட்டுமே அளக்கும். ஈரப்பதச் சென்சார், கூண்டுக்கு வெளியே சுவரில் ஒட்டியிருக்கும் பெட்டிக்குள் இருக்கும். வாங்கியவரோ ப்ரோப்பைக் கூண்டுக்குள் தொங்கவிட்டு, அறையின் ஈரப்பதத்தை நாள்தோறும் கூண்டின் ஈரப்பதம் என்று குறித்துவைப்பார். சோதிப்பது எளிது. ப்ரோப்பின் முனையில் வாயால் மெல்ல ஊத வேண்டும். சில நொடிகளில் ஈரப்பத எண் ஏறவில்லை என்றால் சென்சார் அங்கே இல்லை. பிறகு பெட்டியின் துளைகளில் ஊதிப் பார்த்தால் அது எங்கே இருக்கிறது என்பது வெளிப்பட்டுவிடும்.

கருவியைச் சரிபார்க்க ஆய்வகம் தேவையில்லை. சமையல் உப்பு போதும். இதை எந்த வளர்ப்புக் குறிப்பிலும் காணாததுதான் எனக்கு வியப்பு. ஒரு பாட்டில் மூடியில் உப்பை நிரப்பி, ஈர மணல் போன்ற பதம் வரும்வரை துளித் துளியாகத் தண்ணீர் விட வேண்டும். உப்பு முழுவதும் கரைந்துவிடக் கூடாது. கல் கல்லாகக் கண்ணுக்குத் தெரிய வேண்டும். மேலே தண்ணீர் தேங்கினால் வடித்துவிட வேண்டும். அந்த மூடியையும் மானியையும், ஒன்றை ஒன்று தொடாதபடி, காற்றுப் புகாத தெளிவான டப்பாவிலோ ஜிப் பையிலோ வைத்து மூடி, வெயிலும் விசிறிக் காற்றும் படாத, வெப்பநிலை அதிகம் மாறாத இடத்தில் ஒரு நாள் விட்டுவிட வேண்டும். உள்ளே காற்று வறண்டிருந்தால் உப்புக் கரைசலிலிருந்து நீர் ஆவியாகி அதை ஈடுகட்டும். ஈரம் கூடுதலாக இருந்தால் கரைசல் அதை உறிஞ்சிக்கொண்டு இன்னும் கொஞ்சம் உப்பைக் கரைக்கும். இப்படியே நடந்து உள்ளிருக்கும் காற்று 75 விழுக்காட்டில் வந்து நிலைகொள்ளும். 20 டிகிரியிலிருந்து 30 டிகிரி வரை இந்த எண் ஒரு புள்ளி அளவுக்குக்கூட மாறுவதில்லை என்பதுதான் சோடியம் குளோரைடின் சிறப்பு. டப்பாவைத் திறக்காமல், வெளியிலிருந்தே எண்ணைப் படிக்க வேண்டும். திறந்த சில நொடிகளில் அறைக்காற்று கலந்துவிடும்.

மானி 69 காட்டினால் அது 6 புள்ளிகள் குறைத்துச் சொல்கிறது என்று பொருள். திருத்தும் வசதி இருந்தால் திருத்திக்கொள்ளலாம். இல்லையென்றால் ‘கூட்டு 6’ என்று ஒரு சிறு தாளில் தேதியோடு எழுதி மானியின் முதுகில் ஒட்டிவைக்கலாம். பத்துப் புள்ளிகளுக்கு மேல் விலகும் மானியைத் திருத்தி வைத்துக்கொள்வதைவிட மாற்றிவிடுவதே மேல் என்பது என் கருத்து. 75இல் சரியாக உள்ள மானி 35இலும் சரியாகவே இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. ஆகவே கென்யா மண்ணுளிப் பாம்பு போன்ற வறண்ட நிலத்துப் பாம்புகளை வளர்ப்பவர்கள், இதே முறையில் மக்னீசியம் குளோரைடைப் பயன்படுத்தி இன்னொரு சோதனை செய்வது நல்லது. அதன் நிறைகரைசல், அதாவது இனியும் உப்புக் கரைய முடியாத கரைசல், 25 டிகிரியில் ஏறத்தாழ 33 விழுக்காட்டில் நிற்கும். ஈரத் துணியில் மானியைச் சுற்றிவைத்து 100 காட்டுகிறதா என்று பார்க்கும் பழைய முறை முடி மானிகளுக்குப் பொருந்தும். மின்னணுச் சென்சாரில் நீர் படிந்துவிடும் என்பதால் அதற்கு வேண்டாம்.

சோதித்த மானியையும் தவறான இடத்தில் வைத்தால் பயனில்லை. கண்ணாடிச் சுவரின் உச்சியில் ஒட்டிய மானி, தரையில் ஊர்ந்து தரையிலேயே உறங்கும் உயிரினத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. தரைப்பரப்பில் போட்ட தேங்காய் நார்த்தூள் ஈரமாக இருந்தால் அதை ஒட்டிய காற்று மேலே உள்ளதைவிடக் கணிசமாக ஈரமாக இருக்கும். தண்ணீர்க் கிண்ணத்துக்கு நேர் மேலேயும் தெளிப்பானின் வாய்க்கு எதிரேயும் வைக்கக் கூடாது என்பதைப் பலரும் அறிவர். வெப்ப விளக்கின் நேர்க்கதிர் படும் இடத்தை மட்டும் ஏனோ யாரும் பொருட்படுத்துவதில்லை. கதிர் பட்டுச் சென்சார் சுற்றியுள்ள காற்றைவிடச் சூடானால், அது தன் வெப்பநிலைக்கு ஏற்ற விழுக்காட்டைத்தான் காட்டும். 30 டிகிரிக் காற்றில் உண்மையில் 60 விழுக்காடு இருக்கும்போது, சென்சார் ஒரு டிகிரி கூடுதலாகச் சூடேறியிருந்தால் 57 என்றும் மூன்று டிகிரி சூடேறியிருந்தால் 50 அல்லது 51 என்றும் காட்டும்.

குறைந்தது இரண்டு மானிகள் தேவை: குளிர்ந்த பக்கத்தில் ஒன்று, சூடான பக்கத்தில் ஒன்று, இரண்டும் பாம்பின் உடல் இருக்கும் உயரத்தில். இயன்றால் மூன்றாவது ஒன்றை மறைவிடத்துக்குள் வைக்கலாம். ஆப்பிரிக்காவின் மேற்கிலும் நடுப்பகுதியிலும் வாழும் பந்து மலைப்பாம்பு பகலில் கொறிவிலங்குகளின் வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் அடைந்து கிடக்கிறது. வெளியே நிலம் காய்ந்து கிடந்தாலும் வளைக்குள் ஈரம் தங்கும். கூண்டிலும் பகலின் பெரும்பகுதியை அது மறைவிடத்துக்குள்ளேயே கழிக்கிறது என்பதால், அங்குள்ள ஈரப்பதம்தான் அதன் உடலுக்கு உண்மையில் கிடைப்பது. பாசி பரப்பிய மறைவிடமாக இருந்தால் சென்சார் பாசியைத் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தொட்டால் அது பாசியின் ஈரத்தைச் சொல்லுமே தவிரக் காற்றின் ஈரத்தைச் சொல்லாது. கூண்டுக்குள் எதையும் ஒட்டுநாடாவால் ஒட்ட வேண்டாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஈரத்தில் பிடி தளர்ந்து தொங்கும் நாடாவில் பாம்பு உரசி ஒட்டிக்கொண்டால், அதைப் பிரிக்கும்போது செதில்களும் தோலும் பெயர்ந்து வரும். ஒயரைக் கூண்டின் மேல் விளிம்பு வழியே விட்டு வெளிப்புறம் கட்டிக்கொள்ளலாம்.

எப்போது அளப்பது என்பதும் எங்கே அளப்பது என்பதைப் போலவே முக்கியமானது. தண்ணீர் தெளித்த கையோடு மானியைப் பார்த்தால் 90 காட்டும். காற்றோட்டம் உள்ள கூண்டில் ஓரிரு மணி நேரத்தில் அது பழைய நிலைக்கே இறங்கிவிடும். நாள்தோறும் தெளித்துவிட்டு உடனே பார்ப்பவர் தம் கூண்டு ஈரமாகவே இருப்பதாக உளமாற நம்புவார். ஆகவே 24 மணி நேரத்தின் உச்சத்தையும் தாழ்வையும் நினைவில் வைக்கும் மானியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நேரந்தோறும் பதிவு செய்யும் வகை கிடைத்தால் இன்னும் நல்லது. விளக்கு அணைந்து கூண்டு குளிரும் இரவில் விழுக்காடு தானாகவே ஏறும் என்பதும், அது கூடுதல் நீர் சேர்ந்ததன் அடையாளமாக இருக்க வேண்டியதில்லை என்பதும் அந்தப் பதிவைப் பார்த்தால் விளங்கும்.

இவ்வளவு நுணுக்கம் தேவையா என்று வாசகர்கள் கேட்கலாம். விடை பாம்பு உரித்துப் போட்ட சட்டையில் இருக்கிறது. உரிக்கும் காலம் நெருங்கும்போது பாம்பின் கண் பால் கலந்த நீலமாக மங்கி, பின்னர் தெளிந்து, அதற்குச் சில நாட்கள் கழித்துச் சட்டை கழலும். நலமான பாம்பின் சட்டை மூக்கு நுனியிலிருந்து வால் நுனிவரை ஒரே உறையாக, உட்புறம் வெளிப்புறமாகத் திரும்பி வரும். அதன் தலைப்பகுதியை விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், இரு கண்களுக்கும் உரிய இடத்தில் கண்ணாடி வில்லை போன்ற இரு வட்டங்கள் தெரிய வேண்டும். பாம்புக்கு இமைகள் இல்லை. கண்ணை மூடியிருக்கும் ஒளி ஊடுருவும் செதிலும் ஒவ்வொரு முறையும் சட்டையோடு கழல வேண்டும். காற்று வறண்டிருந்தால் சட்டை துண்டு துண்டாகக் கிழிந்து, அந்தச் செதில் கண்ணிலேயே தங்கிவிடக்கூடும். அடுத்த முறையும் தங்கினால் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்து பார்வையைக் கெடுக்கும். அதை இடுக்கியால் பிடுங்க முயல்வது கண்ணையே சிதைத்துவிடும். ஊர்வன மருத்துவம் அறிந்த கால்நடை மருத்துவரிடம் காட்டுவதே வழி. வால் நுனியில் வளையமாகத் தங்கும் பழைய தோல் இறுகி, இரத்த ஓட்டத்தை நிறுத்தி, நுனியையே அழுகச் செய்வதும் உண்டு. உண்ணிப் பேன்களும் நோயும்கூடச் சட்டை சரியாகக் கழலாமைக்குக் காரணமாகலாம் என்பதால், சட்டையை மட்டும் வைத்து ஈரப்பதத்தைக் குறை சொல்லிவிடவும் முடியாது. மானி நம்பத்தக்கதாக இருந்தால்தான் ஒரு காரணத்தை விலக்கி அடுத்ததைத் தேட முடியும்.

எதிர்ப்பக்கத்துத் தீங்கும் இதற்குக் குறைந்ததன்று. உள்ளதைவிட 20 புள்ளிகள் குறைத்துக் காட்டும் முள் மானியை நம்பி ஒருவர் 60 வரும்வரை நீர் சேர்த்துக்கொண்டே போனால், உண்மையில் கூண்டு 80இல் இருக்கும். காற்றோட்டமும் தூய்மையும் குறைந்த கூண்டில், கார்ன் ஸ்நேக் போன்ற பாம்பு நாள்கணக்கில் ஈரத் தரையில் கிடந்தால் வயிற்றுச் செதில்களில் கொப்புளங்கள் தோன்றிப் புண்ணாகும், மூச்சுத்தொற்றுக்கும் இடமுண்டு. வாயைத் திறந்து மூச்சு வாங்குவதும், மூக்கிலோ வாயிலோ சளிக் குமிழி தெரிவதும், மூச்சில் சீழ்க்கை போன்ற ஒலி கேட்பதும் அதன் அறிகுறிகள். வளர்ப்பவரிடம் கேட்டால் ‘குறிப்பில் சொன்னபடி 60இல்தான் வைத்திருந்தேன்’ என்பார். அவர் பொய் சொல்லவில்லை.

எனவே தங்களிடம் நான் வேண்டுவது பெரிதல்ல. இனி பாம்பு வளர்ப்பு பற்றி எழுதுபவர்களிடம், ஈரப்பதத்தை ஒற்றை எண்ணாகக் கேட்டு வாங்காமல், ஒரு வரம்பாகவும் அளக்கும் இடத்தோடும் கேட்டு வாங்குங்கள். ‘உப்புச் சோதனை செய்த டிஜிட்டல் மானியில், குளிர்ந்த பக்கத்தில், தரையை ஒட்டி, 26 டிகிரியில் 55 முதல் 65 வரை’ என்று எழுதுவதற்கு ஒரு வரிதான் செலவாகும். அந்த வரிக்கும் பக்கத்தில் இடமில்லை என்றால், எண்ணை நீக்கிவிட்டு உப்புச் சோதனையை மட்டும் அச்சிடுங்கள். எந்த இனத்துப் பாம்பை வளர்ப்பவருக்கும் அது உதவும்.

இப்படிக்கு,
பாம்பு வளர்க்கும் தங்கள் வாசகர்களுள் ஒருவர்